காட்டுக்குச் சோறு கொண்டுபோன வண்டி

பேரன் சாப்பாட்டு மேசையில் ஒரு கதைப்புத்தகத்தை விட்டுவிட்டுப் போயிருந்தான். அட்டையில் மூன்று பிள்ளைகள், இறக்கை வைத்த ஒரு படகு, பல்சக்கரங்கள், புகை. புது அச்சு மையின் வாசனை இன்னும் போகவில்லை. இங்கே ரவாங்கில் நல்ல மழை. வேறு வேலையில்லாமல் எடுத்துப் படித்தேன். பிள்ளைகள் அந்தப் படகை வைத்துக்கொண்டு ஒரு படையையே ஏமாற்றுகிறார்கள். கடைசி அத்தியாயத்தில் வீடு திரும்புகிறார்கள், ஊரே கைதட்டுகிறது. புத்தகத்தைப் பட்டென்று மூடி மேசையில் போட்டேன். அவ்வளவு கோபம். உன் வண்டி அந்தப் படகைவிட நல்ல வண்டி. அதற்கு யார் கைதட்டினார்கள்?

நீ போய் மூன்று வாரம் ஆகிறது.

வெள்ளைக்காரர்கள் மலாயாவில் அவசரகாலம் போட்டிருந்தபோது ஈஜோக் பக்கத்து நம் ரப்பர்த் தோட்டத்து லயத்து வீடுகளைச் சுற்றிக் கம்பிவேலி போட்டார்கள். பெருங்காட்டுக்குள் ஒளிந்து சண்டைபோட்ட கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடும் என்று கேட்டைத் தாண்டி ஒரு பிடி சோறுகூடக் கொண்டுபோக விடவில்லை. உன் அம்மாவும் என் அம்மாவும் விடியலில் வெறும் கோப்பியைக் குடித்துவிட்டுப் பால்மரம் வெட்டி ரப்பர்ப்பால் எடுக்கப் போவார்கள். உச்சி சாய்ந்துதான் வருவார்கள். ஒரு நாள் உன் அம்மா மரத்தடியிலேயே மயங்கி விழுந்தார். மறுநாள் நீ ஒரு வண்டிப் படத்தை வரைந்துகொண்டு வந்தாய்.

தகர டிரம்தான் வண்டியின் உடம்பு. முன்னால் ரப்பர் ஷீட் பிழியும் மெஷினின் உருளைகள் மண்ணைக் கடித்து வண்டியை இழுக்கும். சைக்கிள் செயின், மூச்சுவிட மூங்கில் குழாய். உன் அப்பா ரப்பர் ஷீட் போடும் ஸ்டோரில் இஞ்சின் ஓட்டினார். பள்ளி விட்டதும் நீ அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து எந்தச் சக்கரம் எதைச் சுற்றுகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பாய். கம்பிவேலிக்கு அடியில் மண்ணைத் துளைத்துப் போய் அம்மாக்களுக்குச் சோறு கொடுக்கும் வண்டி அது.

"மண்ணுக்குள்ள போனா சோறு ஆறிப்போயிடுமே?" என்று கேட்டேன்.

"சோத்துத் தூக்க இஞ்சின் மேல வச்சா ஆறாதுடி. அதெல்லாம் யோசிச்சுட்டேன்" என்றாய்.

அதை ஓட்டிப்போக உன் வேதக்கார வீட்டிலிருந்து ஒரு மேரியையும் என் வீட்டிலிருந்து ஒரு பொன்னியையும் கற்பனையில் உண்டாக்கினோம். படம் ஒரு நாவலாக வளர்ந்தது. ஏழு அத்தியாயம். ஆற்றுக்கு அடியில் போனார்கள், முதலையிடம் மாட்டினார்கள், கோல சிலாங்கூர்க் கலங்கரை விளக்கம் வரைக்கும் போய்வந்தார்கள். நீ சொல்லுவாய், வரைவாய். உன் கையெழுத்து கோழி கிண்டினதுபோல் இருக்கும் என்பதால் நோட்டில் எழுதினது நான்.

பள்ளி கேட்டுக்கு வெளியே இருந்தது. ஒரு நாள் காலையில் காவல்காரர் உன் பையைக் கவிழ்த்தார். நோட்டைப் புரட்டினவரின் கண், கம்பிவேலிக்கு அடியில் நீ போட்டிருந்த அம்புக்குறியில் நின்றது. நம் இருவரையும் ஆபீசுக்குக் கூட்டிப்போனார்கள். தோட்டத்துத் துரையும் ஒரு வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரியும் இருந்தார்கள். நோட்டைப் படித்துச் சொல்ல, தினமும் வேலை பிரித்துக் கொடுக்கும் கிராணியைக் கூப்பிட்டார்கள்.

கிராணி நம் ஆள். நன்றாகத் தமிழ் படித்தவர். முதல் பக்கத்தில் 'காட்டில் இருக்கும் அம்மாவுக்குச் சோறு கொண்டுபோக வேண்டும்' என்று நான் எழுதியிருந்தேன். காடு என்றால் தோட்டத்தில் எல்லாருக்கும் பால்வெட்டுக் காடுதான். "இன்னிக்கு எந்தக் காடு?" என்று தினமும் அந்தக் கிராணியிடம்தானே நம் அம்மாக்கள் கேட்டார்கள்? அவர் அந்த வரியைப் படித்துவிட்டு ஆங்கிலத்தில் சொன்னார். எனக்கு ஒரே ஒரு சொல் புரிந்தது. ஜங்கிள். பட்டாளத்து லோரி வரும்போதெல்லாம், ஒளிந்திருந்தவர்களின் பெருங்காட்டைச் சொல்லிக் காதில் விழுந்த சொல். அதிகாரியின் முகம் மாறியது.

"இத எழுதுனது யாரு?" என்று கிராணி கேட்டார்.

நான் தரையைப் பார்த்தேன்.

"நாந்தான். எல்லாம் நாந்தான். இவ சும்மா கூட வந்தா" என்றாய் நீ.

அதிகாரி ஏதோ சொன்னார். கிராணி திருப்பிச் சொன்னார்: "பொம்பளப் புள்ளைக்கு இஞ்சின் படம் போடத் தெரியாதாம். ஒங்கப்பாதான் போட்டிருக்கணுமாம்."

அப்போது நீ கத்தினது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. "எங்கப்பாவுக்கு இது தெரியவே தெரியாது! பென்சில் குடுங்க. இப்பவே போட்டுக் காட்டுறேன்!"

அந்த அறையில் மேசை நிறையப் பென்சில்கள் இருந்தன. ஒருவரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

உன் அப்பாவை இஞ்சின் பக்கத்திலிருந்தே ஏற்றிக்கொண்டு போனார்கள். விசாரணை என்றார்கள், தடுப்பு முகாம் என்றார்கள். ஒரு வருசத்துக்கும் மேல் கழித்துத் திரும்பியபோது தோட்டத்தில் அவருக்கு வேலை இல்லை. லயத்து வீடும் இல்லை. பக்கத்து ஊர் அசாம் ஜாவாவில் உறவுக்காரர் வீட்டுக்குப் போனீர்கள். அதற்கு முன்பே நீ பள்ளியை விட்டுவிட்டு அம்மாவோடு மரம் வெட்டப் போய்விட்டாய். நான் படித்தேன், நர்ஸானேன்.

எத்தனையோ வருசம் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில் கிராணியைப் பார்த்தேன். தலையெல்லாம் வெள்ளை. நேராகவே கேட்டேன்: "காடுன்னா என்னான்னு அன்னிக்கு ஒங்களுக்குத் தெரியாதா?"

அவர் இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தெரியும்மா. ஜங்கிள்னு சட்டுனு வாயில வந்துருச்சு. திருத்திச் சொன்னா என்னையும் சந்தேகப்படுவாங்கன்னு விட்டுட்டேன்."

விட்டுவிட்டாராம்! ஒரு மனிதனின் பிழைப்பு போனது, ஒரு பிள்ளையின் படிப்பு போனது, இவர் விட்டுவிட்டாராம். நான் சாப்பிடாமல் எழுந்தேன். அடுத்த பஸ்ஸைப் பிடித்து உன்னிடம் வந்து கொட்டித் தீர்த்தேன். நீ மீன் கழுவிக்கொண்டிருந்தாய்.

"விடு லா. அவருக்கும் புள்ளகுட்டி இருந்துச்சு" என்றாய்.

"நீ ஏன் அப்புறம் ஒரு படங்கூடப் போடல?"

"அது சின்னப்புள்ள வெளையாட்டு. எந்திரி, சாப்புட்டுப் போ."

அன்று அவரைவிட உன்மேல்தான் எனக்குக் கோபம். நீ அழுதிருக்கலாம், அவரைத் திட்டியிருக்கலாம். தரையைப் பார்த்து நின்ற என்னையாவது திட்டியிருக்கலாம். ஒருநாளும் நீ அதைப் பற்றி என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

உன்னைச் சர்ச்சிலிருந்து எடுத்துப்போய் அடக்கம் செய்துவிட்டு வந்த மத்தியானம், உன் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "சின்னம்மா, எங்கம்மா பள்ளிக்கூடம் போயிருக்காங்களா? கையெழுத்துப் போட மட்டுந்தான் தெரியும்னு நாங்க நெனச்சோம்" என்றாள்.

எனக்குத் தாங்கவில்லை. அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். வண்டியைச் சொன்னேன், ஏழு அத்தியாயத்தையும் சொன்னேன். அந்த வரியை எழுதின கை என்னுடையது என்பதையும் சொன்னேன். 

உன் மகள் கேட்டாள். "அம்மா உயிரோட இருக்கறப்பவே ஏன் சின்னம்மா எங்ககிட்ட சொல்லல?"

 சுற்றி இருந்தவர்கள்தான் எனக்காகப் பேசினார்கள். பதினோரு வயசுப் பிள்ளை, பயந்திருக்கும், என்ன செய்யும் பாவம் என்றார்கள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த ஆறுதலை நினைத்து நினைத்து எரிந்துகொண்டே வந்தேன். இன்னும் எரிகிறது. இதை அணைக்க நான் யாரையும் விடப்போவதில்லை. என் வயதைச் சொல்லி என்னைத் தப்பவிடுகிறார்கள். எல்லாவற்றையும் உன் தலையில் ஏற்றிக்கொண்டு அவர்கள் முன்னால் நிமிர்ந்து நின்றாயே, அன்றைக்கு உனக்கு மட்டும் என்ன வயது? பன்னிரண்டு.