தள்ளுவண்டிக்கு இடமில்லாத வரைபடம்

12.6.1998, வெள்ளி

சாலைக் கடைத்தெருவின் பின்னுள்ள குடிசைகளுக்குப் பதிலாக அரசு கட்டவிருக்கும் நான்குமாடிக் குடியிருப்புக்கு நான் வரைந்த வரைபடத்தை இன்று அங்குள்ளோருக்கு விளக்கினேன். வாழைப்பழம் விற்கும் செல்லம்மாள் கீழ்த்தளத்தில் விரலை வைத்தாள்.

“இது என்ன சாரே?”

“கார் நிறுத்துமிடம். விதிப்படி கட்டாயம்.”

“இங்க யாருகிட்ட கார் இருக்கு? எங்க தள்ளுவண்டிய நாலாம் மாடிக்கு நீங்க தள்ளித் தருவியளா?”

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. “ரோட்டுல விட்டா காலைல சக்கரம்கூட மிஞ்சாது, கேட்டோ.”

கட்டட விதிகளில் தள்ளுவண்டி என்ற சொல்லே இல்லை. இருபத்தைந்து ஆண்டுப் பணியில் விதிக்குப் புறம்பாக நான் ஒரு கோடும் இழுத்ததில்லை. மாலையில் அலுவலகம் காலியான பின், கார்களுக்கான கட்டங்களில் பாதியை அழித்துவிட்டு வண்டிகளுக்கு இடம் வரைந்தேன். திங்களன்று கோப்பு மேலே போகும். திரும்பியும் வரலாம். கீழே இருக்கும் கையெழுத்து என்னுடையது.