அக்கா சொல்லாமல் விட்டது

லா சப்பல், பாரிஸ்
பங்குனி 9

அன்புள்ள சுலோசனா மச்சாளுக்கு,

கோசலை எழுதுகிறேன். நான் வேலை செய்யும் சேலைக் கடையில் ஆட்கள் குறைந்த நேரம் இது. தொலைபேசி இருக்க ஏன் கடிதம் என்று யோசிப்பீர்கள். நீங்கள் கதைக்கும்போது மாமா பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கிறார். அவர் காதுபட "ஓம், ஓம்" என்பதைத் தவிர நீங்கள் மனம்விட்டு வேறெதுவும் சொல்வதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். படித்ததும் கிழித்துப் போட்டாலும் பரவாயில்லை.

முதலில் நல்ல செய்தி. உங்கள் தம்பி மூன்று கிழமையாக வேலைக்குப் போகிறார். அரை நாள்தான். ரூ காய் தெருவில் உள்ள உணவகத்தில் மத்தியானச் சாப்பாடு முடிய வந்துவிடுகிறார். நேற்று மகள் அக்ஷராவுக்குத் தலை பின்னிவிட்டார். இறுக்கிவிட்டாராம் என்று அவள் பிரெஞ்சில் சண்டை பிடிக்க, இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் குசினிக்குள் போய் நின்று அழுதேன். இந்த நாளை எனக்குத் தந்தது நீங்கள்.

இங்கு நடந்ததில் பாதியைத்தான் உங்களுக்குச் சொல்லியிருந்தேன். ஐப்பசியில் ஒருநாள் ஒரு காலில் மட்டும் சப்பாத்தைப் போட்டபடி மத்தியானம் வரை கட்டிலில் இருந்தார். அன்றோடு வேலை நின்றது. குளிப்பதில்லை, சாப்பிடுவதில்லை. பிள்ளை கிட்டப் போனால் எழுந்து மற்ற அறைக்குப் போய்விடுவார். நான் கத்தினேன். பிள்ளையில் பாசமில்லாத மனிசன் என்றுகூடச் சொன்னேன். இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது. உணவக முதலாளி பாலச்சந்திரன் அண்ணைதான் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, "தங்கச்சி, இது பஞ்சியோ சோம்பலோ இல்லை, வருத்தம். டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றார்.

டொக்டர் மனச்சோர்வு என்றார். மாத்திரை தந்து, லாரா என்ற உளவியலாளரிடம் அனுப்பினார். மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பெண்ணும் இருந்தாள். சின்ன வயது எப்படிப் போனது என்று லாரா கேட்டபோது, "நல்லாத்தான் போனது" என்று இவர் சுவரைப் பார்த்துச் சொன்னார். நாலு முறை போயும் அதே பதில்தான். அதற்குப் பிறகுதான் நான் உங்களுக்குத் தொலைபேசி எடுத்தேன். நல்லகாலம், நீங்கள் அன்று மாமாவின் காதுக்கு எட்டாமல் மருந்துக்கடை வாசலில் நின்றீர்கள்.

"தம்பிக்கு அப்ப எட்டு வயசு. அப்பா அடிச்சுத்தான் கை முறிஞ்சது. ஆஸ்பத்திரியிலை, மாமரத்தாலை விழுந்தவன் எண்டு பொய் சொன்னது நான்தான், கோசலை" என்றீர்கள். பிறகு மற்றதெல்லாம் சொன்னீர்கள். ஊரே பள்ளிக்கூட அதிபர் ஐயா என்று எழுந்து நிற்கும் மனிதர், இன்றைக்கு உங்கள் கையால் சாப்பிடுகிறவர். மாமாவைப் பற்றி இதைச் சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பொய்க்காக இத்தனை வருடம் உங்களை நீங்களே ஏசியது போதும், மச்சாள். பதினொரு வயதுப் பிள்ளை தகப்பனுக்கு முன்னால் வேறென்ன சொல்ல முடியும்?

அடுத்த முறை போனபோது, அக்கா எல்லாம் சொல்லிவிட்டா என்று இவரிடம் சொன்னேன். அதற்குப் பிறகுதான் கதைக்கத் தொடங்கினார். அக்ஷராவுக்கு எட்டு வயது முடிந்த கிழமை, அவள் பால் கோப்பையைத் தட்டிவிட, இவருடைய கை மேலே எழும்பியதாம். அடிக்கவில்லை. ஆனால் தானும் அப்பாவைப்போல் ஆகிவிடுவேனோ என்று பயந்து, அன்றிலிருந்து பிள்ளைக்குக் கிட்டப் போகவில்லையாம். அந்தப் பயத்தைத்தான் நான் பாசமில்லை என்று நினைத்திருக்கிறேன்.

சின்ன வயதில் அடியும் பயமுமாக வளர்ந்த எல்லாருக்கும் இந்த வருத்தம் வருவதில்லை, ஆனால் வரும் சாத்தியம் அவர்களுக்கு அதிகம் என்று லாரா சொன்னார். முப்பது வருடம் கழித்தும் வருமாம். அது அவர்களுடைய குற்றமில்லை, சுகப்படுத்தலாம் என்றும் சொன்னார். இவர் அந்தப் பெண்ணிடம் கடைசி வசனத்தை இன்னொருதரம் மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டார்.

அன்று எபினேயில் உள்ள வீட்டுக்குத் திரும்பும்போது ரயிலில், "அக்கா தன்னைப் பற்றிச் சொன்னவவோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். "எனக்கு விழவேண்டிய அடிக்குக் குறுக்கை வந்து நிண்டவ. அவவுக்குத்தான் என்னைவிடக் கூட விழுந்தது" என்றார்.

அன்று தொலைபேசியில் நாற்பது நிமிடம் தம்பியைப் பற்றியே சொன்னீர்கள் மச்சாள். உங்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நித்திரை வருவதில்லை, பிரஷர் என்பீர்கள். சமைத்தாலும் சாப்பிட மனமில்லை, கோயிலுக்குப் போகவும் மனமில்லை என்பீர்கள். நானும் வயது ஏறுவதால் வருவது என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆடியில் மூன்று பேரும் வருகிறோம். டிக்கெட் போட்டாயிற்று. அக்காவைப் பார்க்க வேண்டும் என்று இவர்தான் சொன்னார். மாமாவின் அறைக்குள் போவாரா என்று எனக்குத் தெரியாது. போகச் சொல்லி நீங்களும் கேட்க வேண்டாம். மாமாவுக்குச் சாப்பாடு கொடுப்பதையும் கழுவித் துடைப்பதையும் நான் பார்த்துக்கொள்கிறேன். அந்த நேரத்தில் நீங்களும் தம்பியும் பெரியாஸ்பத்திரிக்குப் போய் உங்களுக்காக மனநல டொக்டரைப் பாருங்கள். ஊர் என்ன சொல்லும் என்று யோசிக்காதீர்கள். யாராவது கேட்டால், என்னிடம் அனுப்பிவிடுங்கள்.

என் வீட்டில் மறுபடி சிரிப்புக் கேட்க வைத்தவர் நீங்கள். நீங்களும் சுகமாக இருக்கவேண்டும் என்று கும்பிடுகிறேன். உங்களை இதுவரை ஒருவரும் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். நான் கேட்கிறேன், நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் மச்சாள்? நல்ல சுகம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

என்றும் உங்களுக்கு நன்றியுள்ள,
கோசலை