கல்லுத் தெருவில் கடைசியாக வந்தவன்

என் இஞ்சாருங்கோ,

பெயர் சொல்லி உங்களை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. கடிதத்தில் மட்டும் எப்படிக் கூப்பிடுவது? நீங்கள் கண்மூடி மூன்று மாதமாகிறது. எங்கள் கோட்-டெ-நெய்ஜ் பக்கத்தில் பனி இன்னும் முழுதாகக் கரையவில்லை. மகள் ஜெனிற்றா உங்கள் குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போகிறாள். நான் தடுக்கவில்லை.

போன ஞாயிறு, நீங்கள் வருடாவருடம் பார்க்கிற அந்தச் சைக்கிள் ஓட்டப் பந்தயம் நடந்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

இரண்டாயிரமாம் ஆண்டில் தொடங்கிய பழக்கம். அதற்காக நான் உங்களை எவ்வளவு ஏசியிருக்கிறேன். வருடம் முழுக்க ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு திரிகிற மனிதன், ஏப்ரலில் அந்த ஒரு வாரம் மட்டும் சனிக்கிழமை மாலைப் பூசையோடு ஞாயிற்றுக் கடமையை முடித்துவிடுவீர்கள். ஞாயிறு காலையில் உங்கள் சிநேகிதர் ஜில்லின் கோப்பிக்கடை. பிரான்சின் வடக்கே யாரோ கல்லுத் தெருவில் சைக்கிள் ஓடுவதைத் தொலைக்காட்சியில் பார்க்க. நானும் பிள்ளையும் பூசை கண்டு, சமைத்து, காத்திருப்போம். சோறு ஆறிப்போகும்.

"வென்றவன் கோப்பையோட வீட்டை போய்ச் சேர்ந்திருப்பான். நீங்கள் இப்பதான் வாறியள்" என்பேன்.

நீங்கள் கையைக் கழுவிவிட்டு வந்து சாப்பிட இருப்பீர்கள். ஏன் ஒன்றும் சொல்லவில்லை?

இந்தமுறை ஜில் தொலைபேசியில் கூப்பிட்டார். நீங்கள் இருந்து பார்த்த கதிரையை வேறு ஆளுக்குக் கொடுக்க மனமில்லையாம், நானும் மகளும் வரவேண்டுமாம். எனக்கு விருப்பமில்லை.

"அம்மா, அப்பா அங்க என்னத்தைப் பாத்தவர் எண்டு அறிய உங்களுக்கு ஆசையில்லையோ?" என்று ஜெனிற்றா கேட்டாள்.

ஆசை இருந்தது.

கடையில் இருபது பேரளவில் இருந்தார்கள். எல்லோருக்கும் உங்களைத் தெரிந்திருந்தது. திரையில் நல்ல வெயில். வயல்களுக்கு நடுவே ஓர் ஒடுங்கிய தெரு, அதில் ஒழுங்கில்லாமல் பதித்த கருங்கற்கள். இருநூற்றைம்பது கிலோமீற்றருக்கு மேல் ஓடவேண்டுமாம். ஓடுகிறவர்களின் முகமெல்லாம் புழுதி, கண்ணும் பல்லும் மட்டும் தெரிந்தன. ஒருவன் விழ, பின்னால் வந்த நாலைந்து பேர் அவன்மேல் விழுந்தார்கள். நான் ஜெனிற்றாவின் கையை இறுக்கிப் பிடித்துவிட்டேன். அவன் எழும்பி, நெளிந்த சக்கரத்தைக் கையில் தூக்கிப் பிடித்தபடி தெருவோரம் நின்றான். முழங்கையிலிருந்து இரத்தம் வடிந்தது. வேறு சக்கரம் வரும்வரை அப்படியே நின்றான். பிறகு ஏறி மிதித்தான்.

வென்றவன், ஓட்டம் முடிகிற ரூபே மைதானத்துக்குள் நுழைந்தபோது கடை அதிர்ந்தது. அவனுக்குக் கொடுத்தது கோப்பையில்லை. அந்தத் தெருவில் பதிக்கிற கல் ஒன்று. அதைத் தலைக்குமேல் தூக்கி, பிறகு முத்தமிட்டான். நான் எழும்பி என் குளிர்ச்சட்டையை எடுத்தேன். பூசைக்கு இன்னும் நேரமிருந்தது.

ஜில் என்னை மறித்துப் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். பாதிதான் எனக்குப் பிடிபட்டது.

"அப்பா ஒரு வருசமும் வென்ற ஆள் வந்தவுடன எழும்பினதில்லையாம்" என்றாள் ஜெனிற்றா. "கடைசி ஆள் வரும்வரைக்கும் இருப்பாராம். எல்லாரும் போனாப்பிறகு இவரும் அப்பாவும் மட்டுந்தானாம்."

குளிர்ச்சட்டையை மடியில் வைத்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

ஓட்டத்தைக் கைவிட்டவர்களை ஏற்றிக்கொள்ளப் பின்னால் ஒரு வண்டி வருகிறது. விழுந்த அந்தப் பிள்ளை அதில் ஏறவில்லை. நேரம் கடந்துவிட்டது, இனி வந்தாலும் அவன் பெயர் பட்டியலில் சேராது என்று ஜில் சொன்னார். அது அவனுக்கும் தெரியுமாம். ஆனாலும் வந்தான். மைதானத்தில் மிச்சமிருந்த சனம் எழும்பிக் கைதட்டியது. ஜில் தொப்பியைக் கழற்றினார். நானும் எழும்பி நின்றேன்.

ஒரு மனிதனால் இவ்வளவு ஏலுமா? அதுவும் கணக்கில் சேராத ஒன்றுக்கு? இதைப் பார்த்த கண்ணோடு வந்து, ஆறிய சோற்றுக்கு முன்னால் இருந்து, என்னிடம் நீங்கள் என்னத்தைச் சொல்லியிருப்பீர்கள்?

பின்னேரம் கோயிலுக்குப் போய் உங்களுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தினோம். பக்கத்தில் ஜெனிற்றா இன்னொன்று கொளுத்தினாள். யாருக்கு என்று கேட்டேன்.

"அந்தக் கடைசி ஆளுக்கு."

கற்களில் அந்தச் சைக்கிள்காரர் போகும்போது நிலமே நடுங்குமாம், அந்தச் சத்தம் தொலைக்காட்சியில் வராதாம். அதைக் கேட்க ஒருதரம் போகவேண்டும் என்று ஜில்லிடம் சொல்லியிருக்கிறீர்கள். ஜெனிற்றா படித்து முடிக்கிற வருடம் நாங்கள் இருவரும் போவோம். வயலோரம் புழுதியில் நிற்போம். எத்தனை மணியானாலும், கடைசிப் பிள்ளை எங்களைக் கடந்து போகும்வரை நான் அசையமாட்டேன்.

உங்கள் ஜெனிற்றாவின் அம்மா