ஒருத்திக்கு ஒரு மேசை

9 ஜூலை 2025, புதன்

விக்கிரமங்கலத்தில் இன்று இரண்டு இன்சூரன்ஸ் பாலிசி பிடித்தேன். அரியலூர் வந்து ஸ்கூட்டியை நிறுத்தி இன்னும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை, உள்ளே இருந்து இவர் குரல்.

"மணி, நான் கப்பலுக்கு வரல."

திங்கட்கிழமை கப்பல். இன்று சொல்கிறார்!

எங்கள் கல்யாண நாளுக்காக மகள் லாவண்யா எடுத்துக் கொடுத்த டிக்கெட். சென்னையில் ஏற்றி, இலங்கைப் பக்கம் சுற்றிக் காட்டி, சனிக்கிழமை சென்னையிலேயே இறக்கிவிடுவார்கள். எல்லோரும் சாப்பிடும் பெரிய கூடம் ஒன்று உண்டாம். அது போக, முன்னாலேயே சொல்லிவைத்துப் போகிற தனி உணவகங்கள் மூன்று. மூன்றிலும் எங்கள் இருவருக்கும் ஒவ்வொரு ராத்திரி இடம் பிடித்து வைத்திருக்கிறாள்.

"வெளிச் சாப்பாடு எனக்கு ஒத்துக்காதுன்னு உனக்குத் தெரியாதா? நடுக்கடல்ல எவன் எனக்கு ரசம் வெப்பான்?"

தெரியும். கல்யாணம் ஆன புதிதிலிருந்தே தெரியும். ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்த காலம் முழுக்க என் டிபன் கேரியர் இல்லாமல் இவர் வாசல் தாண்டியதில்லை. பாலிசி பேசப் போகும் வீட்டில்கூடப் பெருமை அடித்திருக்கிறேன்: "எங்க வூட்டுக்காரரு என் கைச் சோத்தைத் தவிர எங்கயும் கை நனைக்க மாட்டாரு."

பெருமை இப்போது கப்பலில் ஓட்டை போடுகிறது.

10 ஜூலை

லாவண்யாவிடம் போனில் அழாத குறை.

"அப்ப நீ மட்டும் போம்மா" என்றாள்.

"தனியாவா?"

"ஏன், ஸ்கூட்டில ஊர் ஊராத் தனியாத்தானே சுத்துற?"

அது தொழில். ஒரு ஹோட்டலில் தனியாகப் போய் உட்கார்ந்து, இது வேண்டும் அது வேண்டும் என்று சொல்லிச் சாப்பிடுவது வேறு. யோசித்துப் பார்த்தால் இந்த ஐம்பத்தேழு வயதுக்கு நான் அதை ஒரு தடவைகூடச் செய்ததில்லை. வெயிலில் பசித்தால் ஒரு டீ, ஒரு பன். அதுவும் நின்றுகொண்டே.

போகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு பயம் வந்தது.

13 ஜூலை, ஞாயிறு

விடிந்ததிலிருந்து அடுப்படிதான். புளிக்குழம்பு, தக்காளித் தொக்கு, பருப்புப் பொடி. பக்கத்து வீட்டுப் பொன்னாயி அக்காவிடம் தினம் மதியம் இவருக்குச் சோறும் ரசமும் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

"நீ நிம்மதியாப் போ. அஞ்சு நாள்ல ஒண்ணும் துரும்பா எளைச்சுட மாட்டாரு" என்றார் அக்கா.

எனக்கென்னவோ இளைத்துவிடுவார் என்றுதான் தோன்றுகிறது.

14 ஜூலை, திங்கள். கப்பல்.

இது கப்பலா? ரெட்டிபாளையம் ஆலையைத் தூக்கி வெள்ளையடித்துத் தண்ணீரில் விட்ட மாதிரி இருக்கிறது. என் அறைக்குப் போக இரண்டு தடவை வழி தவறினேன். தலை லேசாகச் சுற்றுகிறது. ராத்திரிக்கு மோரும் பிஸ்கட்டும்தான்.

15 ஜூலை

இத்தாலிச் சாப்பாடு.

வாசலில் நின்ற பெண், "டேபிள் ஃபார் டூ மேடம்?" என்று கேட்டு என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். நானும் திரும்பிப் பார்த்தேன்! யாரைத் தேடினேனோ. "ஒன்" என்று விரலைக் காட்டினேன்.

ஜன்னலோரம் இருவர் மேசை. பரிமாறுபவர் தூத்துக்குடிக்காரர், பெயர் வேல்முருகன். "எதிர்த்தாப்ல இருக்கிற தட்ட எடுத்துரட்டுமாம்மா?" என்றார். "இருக்கட்டும்" என்றேன், என்னவோ இவர் கை கழுவிவிட்டு வந்துவிடுவார் என்பது போல.

சுற்றிலும் ஜோடி ஜோடியாக. எல்லோரும் என்னைத்தான் பார்க்கிறார்கள் என்று நினைத்துச் சூப்பைக் குனிந்தபடியே குடித்தேன். நிமிர்ந்தபோது ஒருத்தரும் பார்க்கவில்லை. அவரவர் தட்டு அவரவருக்கு.

அடுத்து இறால் அடைத்த ஏதோ ஒன்று, கொழுக்கட்டையைத் தட்டையாக்கியது போல. வாயில் வைத்ததும் கரைந்தது. அப்போதுதான் உறைத்தது, நான் சூடாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். வீட்டில் இவருக்குப் போட்டு, இவர் எழுந்து, நான் உட்காரும்போது சோறு ஆறிப்போயிருக்கும். ஆறின சோறுதான் எனக்குப் பிடிக்கும் என்றே நினைத்திருந்தேன்.

வேல்முருகனைக் கூப்பிட்டு, "அந்தத் தட்டை எடுத்துடுங்க" என்றேன்.

பிறகு கப்பல் வைஃபையில் இவருக்குப் போன்.

"சாப்டீங்களா?"

"ம். தொக்கு பெசஞ்சு ரெண்டு வாய். நீ?"

"என்னத்த சாப்பாடு. நீங்க இல்லாம இறங்கவே இல்ல."

ஏன் அப்படிச் சொன்னேன்? கடைசியில் வந்த காப்பிக் கேக்கை வழித்துத் தின்றவள் நான்.

16 ஜூலை

இன்று ஜப்பான்காரர் சாப்பாடு. நீள இரும்புத் தட்டைச் சுற்றி எல்லோரும் ஒன்றாக உட்கார வேண்டும். நடுவில் சமையல்காரர் கரண்டியால் தாளம் போட்டுக்கொண்டே வறுக்கிறார். முட்டையைத் தூக்கிப் போட்டுத் தொப்பியில் பிடித்தார். நான் கைதட்டிய சத்தத்தில் பக்கத்துக் குழந்தை பயந்துவிட்டது.

பக்கத்தில் கோயமுத்தூர் அம்மா ஒருவர், குடும்பத்தோடு வந்திருந்தார்.

"தனியாவா வந்திருக்கீங்க? அச்சச்சோ. வீட்டுக்காரர்..." என்று இழுத்தார்.

"நல்லா இருக்காருங்க. வூட்டுல ரசம் சாப்பிட்டுட்டு இருக்காரு."

அதற்கும் "பாவம்" என்றார். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை. பாவம் அவர்தான், தட்டிலிருந்து பாதியைப் பேரனுக்கு, மீதியில் பாதியை மருமகளுக்குத் தள்ளிக்கொண்டே இருந்தார். நான் என் தட்டைக் கடைசிப் பருக்கைவரை நானே சாப்பிட்டேன்.

17 ஜூலை

ஆடி பிறந்துவிட்டது. புதுப்பெண்ணைத்தான் ஆடிக்குப் புருஷனிடமிருந்து பிரித்துக் கூட்டிப்போவார்கள். என்னைக் கப்பல் கூட்டிப்போயிருக்கிறது.

18 ஜூலை, வெள்ளி

கடைசி ராத்திரி. கடல் உணவு. ஆடி வெள்ளியில் நண்டு. மாரியாத்தா மன்னிக்கட்டும், கடலில் கிழமை தெரியாது.

முழு நண்டு, எனக்கே எனக்கு. வீட்டில் நண்டு வைத்தால் சதையை இவருக்கும் லாவண்யாவுக்கும் எடுத்துக் கொடுத்துவிட்டுக் காலை உறிஞ்சிக்கொண்டிருப்பேன். வேல்முருகன் இன்று இந்தப் பக்கம் பணி. உடைக்க ஒரு இடுக்கியைக் கொடுத்தார். இரண்டு தடவை வழுக்கிப் போனது. கையாலேயே உடைத்தேன்.

"அப்படித்தாம்மா சாப்பிடணும்" என்றார்.

அவசரம் இல்லை. யாருக்கும் எழுந்து தண்ணீர் எடுத்து வைக்க வேண்டியதில்லை. ஜன்னலுக்கு வெளியே கடல் மட்டும். சந்தோஷமாக இருந்தேன். இதை எழுதும்போது ஒரு குத்தல். அங்கே அந்த மனுஷன் பழைய புளிக்குழம்பு.

19 ஜூலை, சனி

எழுதக் கை ஓடவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

சென்னையிலிருந்து பஸ்ஸில் பெரம்பலூர் வந்து இறங்கினேன். இவர் பைக்கோடு நின்றிருந்தார். இளைக்கவில்லை. சொல்லப்போனால் சட்டை வயிற்றில் இறுக்கமாக இருந்தது.

"பசிக்குதுங்க. இங்கயே ஏதாவது சாப்பிட்டுப் போவோம்" என்றேன்.

"வூட்டுக்குப் போயிடலாமே. எனக்குத்தான் ஒத்துக்காதே."

"நீங்க சும்மா உக்காருங்க. நான் சாப்பிடுறேன்."

பக்கத்தில் ஒரு மெஸ். "அது வேணாம், எதிர்த்தாப்ல இருக்கிறதுக்குப் போலாம்" என்றார். நான் அதற்குள் படியேறிவிட்டேன்.

உள்ளே இலை போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "வாங்க சார்! இன்னிக்கு அம்மாவையும் கூட்டியாந்துட்டீங்களா? உக்காருங்க, உங்களுக்கு ஈரல் எடுத்து வச்சிருக்கேன். நீங்கதான் சனிக்கிழமையெல்லாம் பாக்க மாட்டீங்களே!"

சனிக்கிழமை. எங்கள் வீட்டில் முட்டைகூட உடைக்காத நாள்.

"எத்தன நாளாங்க?" என்று கேட்டேன்.

இவர் இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். "அது... ரொம்ப நாளா."

அரியலூர்வரை பைக்கில் இவர் தோளைப் பிடிக்காமல் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

20 ஜூலை

ஃப்ரிட்ஜில் புளிக்குழம்பு வைத்த மேனிக்கு இருக்கு. தொக்கு தொடக்கூட இல்ல. பொன்னாயி அக்கா சொல்லுது, "ஒரு வேளைகூட எங்க வூட்டுல சாப்பிடல மணி. 'மணிமொழி வச்சுட்டுப் போயிருக்கா'ன்னாரு."

முப்பத்திநாலு வருசம். விடியக்காலை எழுந்து, காய்ச்சல்ல எழுந்து, லாவண்யா வயித்துல இருக்கறப்போ வாந்தி எடுத்துக்கிட்டே கட்டிக் குடுத்த கேரியரு. அதெல்லாம் யாரு தின்னா? நாய்க்குப் போட்டாரா? நான் என்ன கேட்டேன், பொன்னா கேட்டேன்? புடிக்கலன்னா புடிக்கலன்னு ஒரு வார்த்தை சொல்ல வாயில்லையா?

21 ஜூலை

சமைக்கவில்லை.

23 ஜூலை, புதன்

காலையில் இவரே வந்து எதிரில் உட்கார்ந்தார். கையில் இரண்டு காப்பி, கடையில் வாங்கியது.

"நமக்குக் கல்யாணம் ஆன புதுசுல ஒரு நா கேன்டீன்ல பிரியாணி தின்னுட்டு கேரியரை அப்படியே கொண்டாந்தேன். ஞாபகம் இருக்கா?"

இல்லை என்றேன். இருந்தது.

"எங்கம்மா உன்னைய என்ன சொன்னாங்க?"

அது மறக்குமா. 'புருசன் வெளியில திங்கிறான்னா பொண்டாட்டி கையில ருசி இல்லன்னு அர்த்தம்.' அன்று பூராவும் அழுதேன்.

"அன்னிலேருந்துதான் மணி. வெளிச் சாப்பாடு ஒத்துக்காதுன்னு அம்மாகிட்ட சொன்னேன். அவங்க வாயை அடைக்க. அம்மா போனப்புறம் உங்கிட்ட மாத்திச் சொல்லலாம்னா, நீ அதையே ஊர் பூரா பெருமையாச் சொல்லிக்கிட்டு இருந்த. எப்படிச் சொல்றது?"

"அப்ப கப்பலுக்கு வந்திருக்கலாமே! அங்க வெளிச் சாப்பாடுதானே பூராவும்?"

"உம் முன்னாடி அஞ்சு நாளும் ரசத்துக்கு ஏங்குற மாதிரி நடிக்கணுமேடி. அத்தினி இறாலையும் பாத்துக்கிட்டு!"

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு எழுந்துவிட்டேன். கேரியர் என்ன ஆனது என்று மட்டும் இன்னும் சொல்லவில்லை.

25 ஜூலை

சொல்ல ஆளைக் கூட்டிவந்துவிட்டார். சாகுல் ஹமீது அண்ணன், ஆலையில் இவருடன் வேலை பார்த்தவர், ஊர் லப்பைக்குடிகாடு. வந்ததும் வராததுமாகக் கும்பிட்டார்.

"தங்கச்சி, குத்தவாளி நாந்தான். கேரியரை இவன் தொறக்கும்போதே நான் புடுங்கிக்குவேன். தினமும் இல்ல, வாரத்துல ரெண்டு மூணு நாளு. அந்த வத்தக்குழம்பு... மாஷா அல்லாஹ்! எங்க வூட்டுல பத்ருன்னிசா கோச்சுக்குவா, 'அந்த அக்கா வூட்டுச் சோத்துக்குத்தான் வேலைக்குப் போறியளா'ன்னு."

"அப்ப அவங்களுக்கு மொதல்லேருந்தே தெரியுமாண்ணே?"

"தெரியாமலா? அவ குடுத்துவிட்ட பிரியாணியத்தானே உங்காளு தின்னாரு."

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, என்னைத் தவிர. கோபம் திரும்ப வந்தது. ஆனால் அவர் வத்தக்குழம்பின் பக்குவத்தை, அதில் நான் கடைசியில் போடும் வெல்லத்துண்டுவரை சரியாகச் சொன்னார். இந்த வீட்டில் இதுவரை "நல்லாருக்கு" என்ற ஒரே வார்த்தைதான் கேட்டிருக்கிறேன்.

இன்று சமைத்தேன். வெள்ளிக்கிழமை, வத்தக்குழம்புதான். அண்ணன் மூன்று தடவை ஊற்றிக்கொண்டார்.

அவர் போன பிறகு இவரிடம் நானும் சொன்னேன், கப்பலில் நீங்கள் இல்லாமல் சாப்பாடு நன்றாகவே இறங்கியது என்று. "அவ்வளவு நல்லாவா?" என்றார். முகம் லேசாகச் சுருங்கித்தான் போனது. எனக்கு அது பிடித்திருந்தது.

6 ஆகஸ்ட், புதன்

இனி புதன்கிழமை அடுப்பு கிடையாது. அவரவருக்கு வேண்டிய இடத்தில் அவரவர். நான் வைத்த சட்டம். "சேந்தே போலாமே" என்றார். சேர்ந்து போனால் என்ன நடக்கும் என்று தெரியும். இவர் இலையைப் பார்த்துக்கொண்டே இருப்பேன், என் இலை ஆறிவிடும்.

27 ஆகஸ்ட்

மதியம், சோற்றில் கை வைத்துக்கொண்டு இவர்: "ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே? இந்தப் பாவக்காய் வறுவல் எனக்கு எப்பவுமே புடிக்காது."

"எனக்கும்தான்."

"அப்புறம் எதுக்கு வாரா வாரம்?"

"உங்களுக்குப் புடிக்கும்னு."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். சிரித்து எனக்குப் புரை ஏறிவிட்டது. வறுவல் பொன்னாயி அக்காவுக்குப் போனது. அக்கா ஆசையாகத் தின்றார்.

(இன்றும் புதன். பிள்ளையார் சதுர்த்தி என்பதால் சட்டத்துக்கு விடுமுறை.)

12 நவம்பர், புதன்

பாடாலூரில் ஒரு பாலிசி. வெங்காயக்காரர், பேச்சு இழுத்துவிட்டது. முடிந்து பெரம்பலூர் வந்து, புதிதாகத் திறந்திருக்கும் உணவகத்துக்குப் போனேன். ஜன்னலோர மேசை. காடை ரோஸ்ட் சொன்னேன்.

பாதி சாப்பிடும்போது கதவு திறந்து இவரும் ஹமீது அண்ணனும் வந்தார்கள். இவர் என்னைப் பார்த்துவிட்டார். ஒரு நிமிஷம் தயங்கி நின்றார். ஹமீது அண்ணன் என் மேசைப் பக்கம் வரப் பார்த்தார். இவர் அவர் கையைப் பிடித்து நிறுத்தி, "இன்னிக்கு புதன்டா" என்றார். தூரத்து மேசைக்குக் கூட்டிப்போய், எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.

நான் காடையைச் சூடாகவே சாப்பிட்டு முடித்தேன்.

ஹமீது அண்ணன் பஸ் ஏறியதும், பைக் எடுத்துவராத இவர் என் ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்தார். அரியலூர்ச் சாலையில் சிமெண்ட் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி ஓட்டினேன். தோளுக்குப் பின்னாலிருந்து கேட்டார்:

"அந்தக் காடை எப்படி இருந்துச்சு?"

"சொல்ல மாட்டேன். அடுத்த வாரம் நீங்களே போய்த் தின்னு பாருங்க."