ஊதா நாக்கு

இல்லை கூட்டாளி, இந்த வழக்கில் மட்டும் நான் தோற்க மாட்டேன். "ஒரு புள்ளிகூட மாறக் கூடாதுடா, அசல் மாதிரியே இருக்கணும்" என்று சொன்னது நீ. நான் அதைத்தான் செய்தேன். கல்யாணம், காதுகுத்து என்று எங்கே நாலு பேர் கூடினாலும், "இவன் என்னய ஜெயிலுக்கு அனுப்பப் பாத்தவன்" என்று என்னைக் காட்டிச் சிரிப்பாய். அப்போதெல்லாம் விட்டுக்கொடுத்தேன். போன ஆடியில் நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். செத்துப்போனவன் சொன்னதே தீர்ப்பு என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

இந்தச் சண்டை இன்றைக்கு ஏன் கிளம்பியது என்றால், ராமநாதபுரத்தில் ஜெராக்ஸ் கடைக்குப் போயிருந்தேன். முதியோர் பென்ஷனுக்கு ஆதார் அட்டை நகல் கேட்டார்கள். கடைப் பெண் மிஷினில் வைத்து ஒரு வெளிச்சம் காட்டினாள். அட்டை அப்படியே தாளில் வந்து விழுந்தது. கூடவே ஒரு பேனாவையும் நீட்டினாள்.

"இங்கன கையெழுத்துப் போடுங்க தாத்தா."

"ஆபீசர் போட வேண்டாமாம்மா?"

"அதெல்லாம் இப்பக் கெடையாது. இது உண்மை நகல்தான்னு நீங்களே போட்டுக் குடுத்தாப் போதும்."

"என் பேச்ச நம்பியா?"

"உங்க பேச்சத்தான்."

வேறொரு நாளாக இருந்தால் அவளை அரைமணி நேரம் சீண்டியிருப்பேன். இன்றைக்குப் பேனாவை வாங்கி, திரும்பக் கீழே வைத்துவிட்டேன். கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டேன். வெயில் தாங்கவில்லை என்று நினைத்து, அவள் ஸ்டூல் போட்டுத் தண்ணீர் கொடுத்தாள். வெயிலாவது ஒன்றாவது. நான் பழையபடி அந்தத் தாலுகா ஆபீஸ் கச்சேரியில் நின்றுகொண்டிருந்தேன், உன் பக்கத்தில்.

நமக்கு இருபது, இருபத்தொன்று இருக்கும். தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோவதற்குச் சில வருஷம் முன்பு. முதுகுளத்தூர்ப் பக்கம் மழை பொய்த்து, பாம்பனில் கருவாட்டுக் கூடை சுமக்க வந்தவன் நீ. நான் வள்ளங்களுக்குப் பேர் எழுதிக்கொண்டிருந்தேன். அலை வந்தால் ஆட்டுக்குட்டி மாதிரி ஒதுங்குவாய் என்று உன்னை ஓட்டிக்கொண்டே இருப்பேன். அந்த நீ கடல் தாண்டியே ஆக வேண்டும் என்று ஆனது. கொழும்பில் மூட்டை தூக்கிய உன் அய்யா இடுப்பு முறிந்து கிடக்கிறார், ஆள் வந்து கூட்டிப் போகாவிட்டால் பிழைக்க மாட்டார் என்று கடிதம் வந்தது.

முன்பெல்லாம் டிக்கெட் இருந்தால் கப்பலேறலாம். சுதந்திரத்துக்குப் பிறகு பாஸ்போர்ட், விசா என்று வந்துவிட்டது. நீ யார் என்று காட்ட உன்னிடம் இருந்தது ஒரே காகிதம், ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் தம் கையால் எழுதி முத்திரை குத்திக் கொடுத்த சர்டிபிகேட். அதற்கு ஒரு நகல் எழுதி, பெரிய அதிகாரி ஒருவரிடம் காட்டி, 'உண்மை நகல்' என்று பச்சை மையில் கையெழுத்து வாங்க வேண்டும்.

நகல் என்றால் எழுத்தை மட்டும் எடுத்து எழுதுவது என்று நம் இருவருக்கும் யார் சொன்னார்கள்? நான் அரைகுறையாக அஞ்சாம் வகுப்பு. ஆனால் கை ஓடும். புதுத் தாள் வெளுப்பாக இருக்கிறதே என்று தேத்தண்ணியில் முக்கிக் காயப்போட்டேன். எழுத்தை எழுத்தாக இறக்கினேன். தலைமையாசிரியரின் கையெழுத்தை அதே சுழியோடு போட்டேன். ஓரத்தில் இருந்த எண்ணெய்க் கறையையும் விடவில்லை, என் தலை எண்ணெயைத் தொட்டு ஒற்றி எடுத்தேன். மிச்சம் இருந்தது முத்திரை. அதை மறுநாள் காலையில் கச்சேரி வேப்பமரத்தடியில் வைத்துப் போட்டேன். இருபது வயதிலேயே கிழவன் மாதிரிப் பொடி போடுவாயே, அந்த டப்பி மூடியைக் கவிழ்த்து வட்டம். கருவாட்டுக் கூடைச் சீட்டில் எழுதுகிற, ஈரம் பட்டால் ஊதா மையாகிற பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு, உள்ளே இங்கிலீசு எழுத்து. எனக்கு அது எழுத்தே இல்லை, நண்டுக்கால். ஒவ்வொரு காலாக வரைந்தேன். ஊதா முத்திரை அச்சாக வந்துவிட்டது.

"ஏலே, நீ பெரிய ஆளுடா" என்றாய். அந்தச் சொல்லில் மயங்கித்தான் உள்ளே வந்தேன்.

அதிகாரி இரண்டு தாளையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வெகுநேரம் பார்த்தார். சத்தமே போடாத மனுஷர், அதுதான் பயம். ஜன்னல் வழியே எதிரே சப் ஜெயில் தெரிந்தது. கம்பிக்கு நடுவே யாரோ ஒருவனுடைய கை மட்டும் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

"இதுல எது அசல்?" என்றார்.

நீ விரலை நீட்டினாய். நான் எழுதியதன் மேல்.

அவர் விரலை எச்சில் தொட்டு அந்த முத்திரையைத் தேய்த்தார். ஊதாவாகக் கரைந்தது. விரலை நம் முகத்துக்கு நேராகக் காட்டினார். பிறகு டவாலிச் சேவகனைப் பார்த்து, "கதவச் சாத்து" என்றார்.

"கள்ளக் கையெழுத்து, கள்ள முத்திரை. எத்தன வருஷம் தெரியுமா? இந்த சர்டிபிகேட்டும் திரும்பக் கெடைக்காது. யார் செஞ்சது?"

நான் சாத்தின கதவைப் பார்த்தேன். நீ அரை நொடிகூட யோசிக்கவில்லை.

"நாந்தான் சார். இவன் சும்மா தொணைக்கி வந்தவன். ஒண்ணும் தெரியாது."

உன் அய்யா அக்கரையில் படுத்துக் கிடக்கிறார். நீ உள்ளே போனால் அவரைக் கொண்டுவர ஆள் இல்லை. இது எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நாக்க நீட்டு" என்றார் உன்னிடம். நீட்டினாய். வெற்றிலை போட்ட சிவப்பு. அவர் என் பக்கம் திரும்பினார்.

"நீ என்ன சொல்ற?"

"சார், எனக்கு..." என்று வாயைத் திறந்தேன்.

அவ்வளவுதான். நாக்கு முழுக்க ஊதா. பல்லிடுக்கு, உதடு எல்லாம் ஊதா. அவர் என்னைப் பார்த்தார், சேவகன் பார்த்தான், நீயும் பார்த்தாய். நான் வாயை மூடிக்கொண்டேன்.

"எதுக்குடா அப்பிடி வரஞ்ச?"

"ஒரு புள்ளியும் மாறக் கூடாதுன்னு இவன் சொன்னான் சார்."

"கறையுமா?"

"கறையுந்தான் சார்."

சேவகன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான், தோள் குலுங்கியது. அதிகாரி சிரிக்கவில்லை. என் தாளை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார்.

"கூட்டாளி மாட்டிக்கிருவான்னு வாயத் தொறந்து ஒத்துக்க வந்த பாரு, அதுக்காக விடுறேன். இங்கனயே உக்காந்து வேற எழுது. கையெழுத்து இருக்குற எடத்துல 'ஒப்பம்'னு எழுது. முத்திரை இருக்குற எடத்துல 'முத்திரை'ன்னு எழுது. படம் போட்ட, கைய ஒடிச்சுருவேன்."

எழுதினேன். சேவகன் அசலைப் படிக்க, அவர் நகலில் வரி வரியாக விரல் வைத்து ஒத்துப் பார்த்துப் பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் நீ என்னைக் கட்டிப்பிடித்து அழுதாய். "எனக்காக ஜெயிலுக்குப் போகத் துணிஞ்சியேடா" என்றாய். சுற்றி நின்றவர்களிடமும் சொன்னாய். பிறகு சாகிறவரை சொன்னாய். ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தவன் என்று சிரிக்க வைத்துவிட்டு, கடைசியில் "ஆனா இவந்தான் வாயத் தொறந்து காப்பாத்துனான்" என்றுதான் கதையை முடிப்பாய்.

அந்தக் கதையை என்னால் சிரித்துக்கொண்டு கேட்க முடிந்ததில்லை. 'எனக்கு' என்று ஆரம்பித்தேன் அல்லவா? 'எனக்கு ஒண்ணும் தெரியாது சார், எல்லாம் இவந்தான்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நாக்கு முந்திக்கொண்டது. அந்த முத்திரையை நான் முதல்நாளே போட்டு முடித்திருந்தால், வாய் சிவப்பாக இருந்திருந்தால், அந்தக் கம்பிக்கு நடுவே தொங்குவது உன் கையாக இருந்திருக்கும். உன் நகலை அவர் ஒத்துப் பார்த்தார். என்னை ஒத்துப் பார்க்காமலே நல்லவன் என்று சொல்லிவிட்டார்.

ஜெராக்ஸ் கடைப் பெண் பொறுமையாகத்தான் நின்றாள். கடைசியில் என் பெயரைப் போட்டேன், நண்டுக்கால் மாதிரி. வெளியே வந்து, ஒரு கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்துக்கொண்டேன். யாராவது பார்த்திருந்தால் கிறுக்கன் என்றிருப்பார்கள்.

சொல்லப் பார்க்காமல் இல்லை. நீ கப்பலேறிய அன்று, கப்பல் அணைகிற தனுஷ்கோடிப் பாலத்தில் உன் தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தேன். தண்ணியைப் பார்த்து உனக்கு முகம் வெளுத்திருந்தது. அதைக்கூடக் கேலி செய்யவில்லை.

"ஏலே, நில்லு. அன்னைக்கி ஆபீசர் கேட்டப்ப நான் என்ன சொல்ல வந்தேன் தெரியுமா?"

"தெரியும்டா."

"தெரியாது. கேளு. சார், எனக்கு..."

"சங்கு ஊதிட்டான்டா. அய்யாவக் கூட்டிக்கிட்டு வாரேன், அப்பறம் பேசுவோம்" என்று பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, கப்பலேறும் பலகையில் கால் வைத்து, திரும்பிப் பார்க்காமல் ஏறிப் போனாய். அந்த 'அப்பறம்' நீ சாகிறவரை வரவே இல்லை.