கல்லில் வெட்ட ஒரு தகப்பன் பெயர்

என் சாலமன் அண்ணாத்தேவுக்கு,

உன் சமாதிக்கு இன்னும் கல் வைக்கவில்லை. வருஷம் திரும்புவதற்குள் வைத்துவிடுவது உங்கள் யூதர்கள் வழக்கம் என்று நீதான் சொல்லியிருக்கிறாய். நீ போய்ப் பத்து மாதம் ஆகிவிட்டது. அண்ணி உனக்கு முன்னாலேயே போய்விட்டாள், பிள்ளையும் இல்லை. இஸ்ரேலுக்குப் போன உன் சொந்தங்கள் எந்தத் திசையில் இருக்கிறார்களோ. கடைசியில் கல் வெட்டுகிறவர் முன்னால் போய் நின்றது பூந்தமல்லிக்காரனான நான்தான்.

"பேரு சொல்லு பாய்."

"சாலமன் ரோஹேகர்."

"தகப்பன் பேரு? உங்க கூட்டாளி ஆளுங்களுக்கு இன்னார் மகன்னு வெட்டணுமே."

எனக்குத் தெரியவில்லை, அண்ணாத்தே.

வினை நான் செய்ததுதான். அம்பத்தூர் கம்பெனியில் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்தபோது உன் வேலைக் கார்டை நிரப்பியவன் நான். நம் பக்கத்தில் பேரோடு ஒட்டிவருவது அப்பன் பேர்தானே? 'தகப்பனார் பெயர்' என்ற இடத்தில் ரோஹேகர் என்று எழுதி உன்னை ஆர். சாலமன் ஆக்கினேன். அந்தக் கார்டைப் பார்த்து ரேஷன் கார்டு, அதைப் பார்த்து ஆதார், இப்போது இறப்புச் சான்றிதழிலும் அதே ரோஹேகர்.

ரிட்டயர் ஆன பிறகு, செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தபோதுதான் நீ வாயைத் திறந்தாய்.

"அடேய் காதரு, ரோஹேகர் எங்க நைனா இல்லடா. மும்பை பக்கம் கொங்கணத்துல ரோஹான்னு ஒரு ஊரு கீது. அந்த ஊர்க்காரன்னு அர்த்தம். முன்ன எங்களுக்கும் உங்கள மாரி அப்பன் பேருதான். சர்க்காரு ஆளு வந்து குடும்பப் பேரு இன்னான்னு கேட்டான், ஊரைச் சொல்லிட்டாங்க. வெள்ளக்கார யூதனும் அப்டித்தான். தையக்காரன் தையல்னு சொன்னான், வேற ஒருத்தன் ஊரைச் சொன்னான். பூசாரி வம்சம் மட்டும் கோஹன்னு பழைய பேரையே வெச்சுகினு கீது."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "முப்பது வருஷமா ஒரு ஊருக்குப் பொறந்தவனா சுத்திகினு இருந்தியா? ஏன் சொல்லல?"

"நீ முத்து முத்தா எழுதியிருந்த. அடிச்சு எழுதச் சொல்ல மனசு வரலடா."

அடுத்த கேள்வியை அப்போதே கேட்டிருக்க வேண்டாமா? 'அப்ப உங்க நைனா பேரு இன்னா?' மழை வருகிறது என்று வண்டியை எடுக்க ஓடிவிட்டேன். நீயோ, முதல் நாளே என் இனிஷியலைக் காட்டி, "உங்க அத்தா பேரு இன்னாடா?" என்று கேட்டவன். நான் என்ன மனுஷன்?

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரைக்கு இப்போதும் போகிறேன். தனியாக நடக்கப் பிடிக்கவில்லை, ஆனாலும் போகிறேன். வீடு நிறைய ஆள் இருக்கிறது. பிள்ளைகள் அத்தா என்கிறார்கள், பேரப்பிள்ளைகள் நன்னா என்கிறார்கள், தெருவில் பாய் என்கிறார்கள். 'காதரு' என்று கூப்பிட ஒருத்தர் இல்லை. அந்தப் பேர் என்னுடையதுதானா என்றுகூட சில நாள் தோன்றுகிறது.

போன வாரம் மும்பையில் உங்கள் ஜெபாலயத்துப் பெரியவர் ஒருவரைப் போனில் பிடித்து, எனக்குத் தெரிந்த இந்தியில் விஷயத்தைச் சொன்னேன். அவர், "தகப்பன் பேர் தெரியவில்லை என்றால் ஆபிரகாமின் மகன் என்று போடுங்கள். எங்கள் எல்லோருக்கும் அவர்தான் தகப்பன்" என்றார்.

போனை வைத்துவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதேன். நீங்கள் ஆபிரகாம் என்பவரை நாங்கள் இப்ராகிம் என்போம். முதல் நாள் நீ கேட்டதற்கு நான் சொன்ன பதிலும் அதுதானே?

அடுத்த மாதம் கல் வந்துவிடும். ஆபிரகாமின் மகன் சாலமன் என்று மேலே இருக்கும், ரோஹேகர் கீழே இருக்கும். இந்தத் தடவை அப்பனை அப்பன் இடத்திலும் ஊரை ஊர் இடத்திலும் எழுதிக் கொடுப்பேன். உளி படுவதற்கு முன்னால் மூன்று தரம் படித்துப் பார்ப்பேன், சத்தியம்.

இப்படிக்கு,
உன் தம்பி,
இப்ராகிமின் மகன் காதர்