மீன்பெட்டி றோபோ

14.05.2025, புதன்

முற்றத்தில் இரண்டு கால்கள் நிற்கின்றன. உடம்பு இன்னும் வரவில்லை. என் மனிசன் அன்ரன் மீன்பிடித்துக் கடலால் வந்த கையோடு, தேத்தண்ணியையும் ஆறவிட்டு, அந்தக் கால்களுக்கு முழங்கால் பூட்டிக்கொண்டிருக்கிறார். வலை மிதப்பு இரண்டுதான் முழங்கால்.

ஏதோ ஒரு படம். படகில் இருந்தபடியே போனில் பன்னிரண்டு தரம் பார்த்துவிட்டாராம். அதில் ஒரு வெள்ளை றோபோ வருமாம். ஒற்றைக் கண், வாயில்லை, யாரைக் கண்டாலும் தலை குனியுமாம். அதை ஆளுயரத்தில் செய்யப்போகிறார். பாரமில்லாத வெள்ளை ரெஜிபோம் மீன்பெட்டி, பேப்பர், கோதுமை மாப் பசை, தூண்டிலுக்குக் கட்டும் தங்கூசி நூல். இவ்வளவுதான் சாமான்.

“எதுக்கப்பா இது?” என்று கேட்டேன்.

“வாயில்லாத ஆள் ஒண்டும் இந்த வீட்டில இருக்கட்டும்.”

யாருக்கு விழுந்த அடி என்று எனக்கு விளங்காமலில்லை.

19.05, திங்கள்

பள்ளிக்கூடத்தில் கண்காட்சியாம். பழைய சாமானில் புதிய ஆக்கம். ஒவ்வொரு ஆசிரியரும் ஒன்று கொண்டுவர வேண்டும் என்று அதிபர் பரமலிங்கம் சேர் சொல்லி முடிக்க முதல் என் வாய் முந்திவிட்டது. “நான் ஒரு றோபோ கொண்டு வாறன் சேர்.”

“றோபோவோ! உங்கட மிஸ்டர் இஞ்சினியரோ?” என்றார் பிரியவதனி ரீச்சர்.

“கடல்துறைப் பக்கம்” என்றேன்.

வேலணைக்கு மாற்றலாகி வந்த ஜனவரியிலிருந்து இதே பதில்தான். ஏதோ கந்தோரில் பெரிய கதிரையில் இருக்கிறார் என்று நினைத்திருப்பார்கள். நானும் அப்படியே விட்டிருக்கிறேன். மீன் மணம் இருக்குமோ என்று, காலையில் பஸ் ஏற முதல் கையில் தேசிக்காய்ச் சாறு பூசாமல் வெளிக்கிடுவதுமில்லை.

அன்ரனுக்கு விஷயத்தைச் சொன்னேன். சோறு பாதியில் நிற்க முற்றத்துக்கு ஓடிவிட்டார்.

25.05, ஞாயிறு

உடம்பு வந்துவிட்டது. ஆறு பெட்டி. சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கோ என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

“கடல் தண்ணியில நாலு தரம் அலசினனான். இதுக்கு மேல அலசினா பெட்டி கரைஞ்சு போயிடும்.”

மூக்கை வைத்துப் பார்த்தேன். ஒரு மணமும் இல்லை. அவரும் பார்த்தார். இல்லை. பக்கத்து வீட்டு அல்போன்சம்மாக்காவையும் கூப்பிட்டு மணக்கச் சொன்னோம். “சீ, ஒண்டுமில்லைப் பிள்ளை” என்றார். மூன்று பேர் சாட்சி. பிறகுதான் நாலு அடுக்குப் பேப்பர் ஒட்டி வெள்ளை பூசினார்.

02.06, திங்கள்

தங்கூசியை இழுத்தால் தலை குனிய வேண்டும். குனியவில்லை. இடமும் வலமும் ஆட்டுகிறது. எதைக் கேட்டாலும் ‘இல்லை’ என்கிறது. சந்தேகமே இல்லை, இது எங்கட வீட்டு ஆள்தான்.

08.06, ஞாயிறு

குனிந்துவிட்டது! கடலில் தலையில் கட்டும் லைற்றைக் கண்ணாக வைத்திருக்கிறார். தன் வேலையைத் தானே சுற்றிச் சுற்றிப் பார்த்துச் சிரிக்கிறார். நாற்பத்தொரு வயது மனிசன்.

பக்கத்தில் ஒரு அட்டை வைக்க வேண்டும். ‘செய்தவர்’ என்று எழுதிவிட்டுப் பேனையோடு இருந்தேன்.

அவர் தலை நிமிரவில்லை. “தெரிஞ்ச ஆள் ஒராள் செய்தது எண்டு சொல்லும். எனக்குப் பிரச்சினையில்லை.”

இவருக்கு எப்படித் தெரியும்? ஐந்து மாதமாக நான் இதைப் பற்றி வாயே திறக்கேல்லையே.

பிறகுதான் நினைவு வந்தது. தேசிக்காய் முடிய முடியக் கடைக்குப் போய் வாங்கி வாறது அவர்தானே.

12.06, வியாழன்

கண்காட்சியின் முதல் நாள். ஓட்டோவில் கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டு றோபோ போனது. மண்டைதீவுச் சந்தியில் நின்ற சனம் முழுக்கக் கை காட்டியது. அன்ரன் இறக்கித் தந்துவிட்டுப் படலைக்கு வெளியே நின்றுகொண்டார்.

பிள்ளைகள் வரிசையில் நின்று தங்கூசியை இழுத்தார்கள். பதினொரு மணிபோலத் தலை இறுகிவிட்டது. சேர் கேட்டார்: “வடிவான வேலை. ஆர் ரீச்சர் செய்தது?”

“தெரிஞ்ச ஒராள் சேர்.”

அன்ரன் பின்னால நிண்டவர். பார்க்க வந்த தகப்பன்மாரோட, திருநாளுக்குப் போடுற சேட்டைப் போட்டுக்கொண்டு. எப்ப உள்ளுக்கு வந்தவர்? நான் காணேல்லையே!

“ரீச்சர், கழுத்து முடிச்சைக் கொஞ்சம் இளக்கிப் பாருங்கோ” எண்டார். ஆரோ ஒரு ரீச்சரோட கதைக்கிற மாதிரி. சொல்லிப்போட்டுப் போயிட்டார்.

இளக்கினன். குனிஞ்சுது.

அவர் அதிலேயே ஏசியிருக்கலாம். ஏசியிருந்தாலும் தாங்கியிருப்பன்.

13.06, வெள்ளி

அந்தோனியார் திருநாள். அன்ரனுடைய பெயர்த் திருநாள். விடியவே கோயிலுக்குப் போய்விட்டார். நான் பள்ளிக்கூடம்.

மண்டபம் தகரக் கூரை, இரவெல்லாம் பூட்டியிருந்தது. திறந்ததும் முன்னால் போனவர்கள் அப்படியே பின்னால் வந்தார்கள். றோபோவின் காலடியில், யன்னலால் புகுந்த மூன்று பூனை. ஒன்று முழங்காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மிதப்பை நக்குகிறது. ஒரு பிள்ளை தங்கூசியை இழுக்க, றோபோ பூனைகளுக்கு மரியாதையாகத் தலை குனிந்தது.

வெள்ளிக்கிழமை பார்த்து! பாதிப் பேர் மரக்கறி.

பிரியவதனி ரீச்சர் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார்: “ஜெனீற்றா ரீச்சர், உங்கட தெரிஞ்ச ஆள் மீன்காரனோ?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கிட்டப் போய் மணந்தேன். சத்தியமாக எனக்கு ஒன்றும் மணக்கவில்லை.

அப்பதான் விடிஞ்சுது எனக்கு. எனக்கே தெரியாத மணத்துக்கு நான் அஞ்சு மாசமாத் தேசிக்காய் பூசியிருக்கிறன். இந்த ரீச்சர்மாருக்கு ஜனவரியிலேயே தெரிஞ்சிருக்கும்! ஆரை ஏமாத்தினனான்? அந்த மனிசனை மட்டும்தான் வெளியால நிப்பாட்டினனான்.

“மீன்காரன்தான்” என்றேன். “என்ர மனிசன். மண்டைதீவில கடல் தொழில். நேற்று வந்து கழுத்து முடிச்சு இளக்கச் சொன்னவர், அவர்தான்.”

எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, ‘செய்தவர்’ என்று மட்டும் இருந்த அட்டையை நிரப்பினேன்.

பரமலிங்கம் சேர் கொஞ்ச நேரம் றோபோவைப் பார்த்தார். பூனைகளைப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்: “இண்டைக்கு வெள்ளிக்கிழமை. வேற ஒரு நாளைக்கு விளைமீன் ஏதும் எடுக்கலாமோ, ரீச்சர்?”

15.06, ஞாயிறு

அட்டையை அவருடைய கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன். படித்தார்.

“எழுத்து வடிவாயிருக்கு, ரீச்சர்.”

வியாழனிலிருந்து ரீச்சர்தான். “சோறு போடுங்கோ ரீச்சர்.” “நுளம்பு வலையைக் கட்டுங்கோ ரீச்சர்.” ‘நீர்’ போய் ‘நீங்கள்’ ஆகிவிட்டேன். சிரித்துக்கொண்டே பழி வாங்குகிறார். கேட்க எனக்கும் உரிமை இல்லை.

16.06, திங்கள்

அட்டை மேசையில் இல்லை. எறிந்துவிட்டாரோ? கேட்கப் பயம்.

18.06, புதன்

கண்காட்சி முடிந்து வந்து முற்றத்தில் இருத்தி வைத்த றோபோவின் மடியில் அல்போன்சம்மாக்காவின் பூனை குட்டி போட்டிருக்கிறது. நாலு. அன்ரனுக்குப் பெருமை தாங்க ஏலாது.

23.06, திங்கள்

சேருக்கு விளைமீன் சொல்லியிருந்ததால் பஸ்ஸுக்கு முதல் கரைக்குப் போனேன். பள்ளிக்கூடச் சேலையோடு நான் கரையில் கால் வைத்தது இதுதான் முதல் தரம். சோளகக் காற்று சேலையைப் பிடித்து இழுக்கிறது. கரையில் நின்றவர்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டுப் பார்க்கிறார்கள்.

அன்ரனின் படகு வந்தது. உள்ளே, எஞ்சினுக்குப் பக்கத்தில், நனையாமல் பொலித்தீன் சுற்றி ஒட்டியிருந்தது என் எழுத்து: ‘செய்தவர்: ம. அன்ரனிதாஸ், கடற்றொழிலாளி, மண்டைதீவு. ஆசிரியை ஜெனீற்றாவின் கணவர்.’

நான் பார்த்ததை அவரும் பார்த்தார். ரீச்சர் என்று ஏதும் நக்கல் வரும் என்று நின்றேன்.

“ஜெனி, என்ன பார்த்துக்கொண்டு நிக்கிறீர்? உந்தப் பெட்டியைப் பிடியும்.”

பிடித்தேன். ஐஸ் தண்ணீர் சேலை முழுக்க வழிந்தது. சேரின் விளைமீனோடு ஆறே முக்கால் பஸ்ஸுக்கு அப்படியே ஓடினேன்.